ராஜேந்திரன் வந்த வழி: பழைய கணினி வியூக விளையாட்டுகளின் பதிப்புகளை ஏன் காக்க வேண்டும்?

1999ஆம் ஆண்டு வெளிவந்த ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2: தி ஏஜ் ஆஃப் கிங்ஸ்’ என்ற கணினி வியூக விளையாட்டில் 13 நாகரிகங்கள் இருந்தன. பிரிட்டானியர், பிராங்குகள், வைக்கிங்குகள், பைசாந்தியர், பாரசீகர், துருக்கியர், மங்கோலியர், சீனர், ஜப்பானியர் என்று நீளும் அந்தப் பட்டியலில் இந்தியா இல்லை. இடைக்கால உலகத்தை எடுத்துக்கொண்ட ஆட்டம் அது. 1025இல் ராஜேந்திர சோழனின் கடற்படை ஸ்ரீவிஜயத்தின் மேல் சென்ற காலம் அந்த எல்லைக்குள்தான் வருகிறது. ஆனாலும் யானைப்படை வேண்டும் என்றால் பாரசீகரைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். அடுத்த ஆண்டு வந்த ‘தி கான்கரர்ஸ்’ என்ற விரிவாக்கம் அஸ்டெக்குகள், மாயர், ஹூணர், ஸ்பானியர், கொரியர் என்று ஐந்து நாகரிகங்களைச் சேர்த்தது. எண்ணிக்கை 18 ஆனது. அப்போதும் இந்தியா வரவில்லை.

2022 ஏப்ரலில் அதே விளையாட்டின் புதிய வடிவத்துக்கு ‘டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா’ வந்தது. அதில் திராவிடர் என்று தனி நாகரிகம் உண்டு. உருமி வீசும் வீரர்கள் உண்டு. திரிசடை என்ற போர்க்கப்பல் உண்டு. ஊராரைச் சொடுக்கினால் தமிழில் பதில் சொல்கிறார்கள். ராஜேந்திரனின் பெயரில் ஒரு தொடர் படையெடுப்பே ஆடலாம்.

இந்த இரண்டுக்கும் நடுவே 23 ஆண்டுகள். அந்த இடைவெளியில் என்ன நடந்தது, யார் செய்தார்கள், எந்த வரிசையில் செய்தார்கள் என்று அறிய விரும்புகிறவருக்கு இன்று கடையில் கிடைக்கும் பதிப்பு மட்டும் போதாது. அது கடைசி முடிவைத்தான் காட்டும். வந்த வழியைப் பழைய பதிப்புகள்தான் காட்டும். அவற்றைக் காப்பது நூலகப் பணி என்பதே இந்தக் கட்டுரை சொல்ல வருவது. தாம்பரமும் அதைச் சுற்றியுள்ள தென்சென்னைப் புறநகரும் அந்தப் பணியைத் தொடங்குவதற்கு ஏற்ற இடம் என்பது அதன் அடுத்த பகுதி.

அடுக்கடுக்காக ஒரு விளையாட்டு

2012 டிசம்பரில் ‘ஃபர்காட்டன் எம்பயர்ஸ்’ என்ற திருத்தம் வெளிவந்தது. நிறுவனம் செய்தது அல்ல. ரசிகர்கள் தாங்களே கூடிச் செய்தது. ஆட்டத்தை உருவாக்கிய என்செம்பிள் ஸ்டூடியோஸ் 2009லேயே மூடப்பட்டுவிட்டது. இத்தாலியர், இன்கா, மாக்யர், ஸ்லாவ் ஆகியோருடன் ‘இந்தியர்’ என்ற நாகரிகமும் முதன்முதலில் அந்த ரசிகர் திருத்தத்தில்தான் சேர்ந்தது. 2013 ஏப்ரலில் விளையாட்டின் ஹெச்.டி. பதிப்பு வந்தது. அதே ஆண்டு இறுதியில் ரசிகர்களின் வேலை ‘தி ஃபர்காட்டன்’ என்ற பெயரில் அதிகாரபூர்வ விரிவாக்கமாக மாறியது. பிருத்விராஜ் சௌகானின் படையெடுப்பும் அதில் இடம்பெற்றது. 2019 நவம்பரில் ‘டெஃபினிடிவ் எடிஷன்’ வந்தது. 2022இல் ‘இந்தியர்’ என்ற அந்த ஒற்றை நாகரிகம் பிரிக்கப்பட்டது. பழையது ‘ஹிந்துஸ்தானியர்’ என்று பெயர் மாறியது. திராவிடர், வங்காளியர், கூர்ஜரர் புதிதாக வந்தார்கள்.

இந்த வரிசையைக் கூர்ந்து பார்த்தால் ஒரு வரலாறு தெரிகிறது. முதலில் இந்தியா இல்லை. பிறகு முழுத் துணைக்கண்டமும் ஒரே மக்களாக வந்தது. பிறகு நான்காகப் பிரிந்தது. உலக அளவில் லட்சக்கணக்கானோர் ஆடிய ஒரு விளையாட்டு இந்திய இடைக்காலத்தை எப்படிப் புரிந்துகொண்டது, அந்தப் புரிதல் எப்படித் திருந்தியது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைக்காது. அந்தத் திருத்தத்தைத் தொடங்கி வைத்தவர்கள் ரசிகர்கள் என்பது இன்னும் முக்கியம். அதிகாரபூர்வமாக விற்கப்பட்டவற்றை மட்டும் சேமித்தால் இந்தத் தகவல் விடுபட்டுவிடும்.

தமிழில் இதற்கு ஒரு மரபு இருக்கிறது. உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியை அச்சிடுவதற்கு முன்பு ஒரே நூலின் பல ஏடுகளைத் தேடித் திரட்டி ஒப்பிட்டார். ஒரு ஏட்டில் உள்ள சொல் இன்னொன்றில் வேறாக இருந்தால் அதைப் பாடபேதமாகக் குறித்துவைப்பது பதிப்பாசிரியரின் கடமை என்பதை நமக்குப் பழக்கியவர் அவர். ‘நல்ல ஏடு ஒன்று கிடைத்துவிட்டது, மற்றவற்றை எறிந்துவிடலாம்’ என்று அவர் நினைத்திருந்தால் எத்தனை பாடங்கள் போயிருக்கும்! கணினி விளையாட்டிலும் ஒவ்வொரு பதிப்பும் ஒரு ஏடு. ஒன்று இன்னொன்றுக்கு ஈடாகாது.

விதி பதிப்பில் இருக்கிறது

சதுரங்கத்தில் விதி பலகைக்கு வெளியே இருக்கிறது. காய்கள் மரமோ பிளாஸ்டிக்கோ, ஆட்டம் அதேதான். கணினி வியூக விளையாட்டில் விதி நிரலுக்குள் இருக்கிறது. நிரல் மாறினால் ஆட்டம் மாறிவிடும்.

ஒரு சிறிய எடுத்துக்காட்டு. ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2இல் வயல் போட 60 மரம் வேண்டும். குறிப்பிட்ட அளவு உணவு தந்ததும் வயல் தீர்ந்துபோகும். 1999 பதிப்பில், தீர்ந்த வயலை ஆட்டக்காரரே கவனித்து, அந்த இடத்துக்குத் திரும்பி வந்து, மறுபடி விதைக்க வேண்டும். எல்லையில் சண்டை நடக்கும்போது ஊருக்குள் வயல் தீர்ந்ததைக் கவனிக்காமல் விட்டால் உழவர் சும்மா நிற்பார், உணவு வராது. 2000இல் வந்த கான்கரர்ஸில் ஆலையிலேயே முன்கூட்டி வயல்களுக்கு மரம் செலுத்தி வரிசையில் வைக்கலாம் என்ற வசதி வந்தது. 2019 பதிப்பில் மறுவிதைப்பைத் தானாகவே நடக்கும்படி விட்டுவிடலாம்.

கேட்கச் சின்ன மாற்றம். ஆனால் முதல் பதிப்பில் ஆட்டக்காரரிடம் இருந்த மிக அரிய பொருள் மரமோ பொன்னோ அல்ல, கவனம். எதிரியின் கவனத்தைச் சிதறடித்து அவருடைய வயல்களைத் தீர விடுவதே ஒரு வியூகம். மூன்றாவது பதிப்பில் அந்த வியூகமே இல்லை. 1999இல் ஒருவர் எவ்வளவு திறமையாக ஆடினார் என்பதை 2019 பதிப்பை வைத்து மதிப்பிட முடியாது. புதியது வசதியானது, பழையது கடினமானது என்று மட்டும் சொன்னால் போதாது. இரண்டும் வெவ்வேறு திறமைகளைக் கேட்கின்றன. இது ஆடுகிறவர்களுக்கும் தெரியும். ஹெச்.டி. பதிப்பு வந்த பிறகும் போட்டி ஆட்டக்காரர்கள் பலர் கான்கரர்ஸின் 1.0 சி பதிப்பையும், அதன்மேல் ரசிகர்கள் எழுதிய ‘யூசர்பேட்ச்’ திருத்தத்தையும்தான் பல ஆண்டுகள் பயன்படுத்தினார்கள். புதிய நாகரிகங்களைப் பழைய இயந்திரத்துக்குக் கொண்டுவர ‘வோலோலோகிங்டம்ஸ்’ என்று தனியே ஒரு திருத்தமே செய்தார்கள்.

பதிந்து வைத்த ஆட்டத்தை யார் படிப்பது?

1851இல் லண்டனில் ஆண்டர்சனும் கீசெரிட்ஸ்கியும் ஆடிய சதுரங்க ஆட்டத்தை இன்று எந்தப் பள்ளிச் சிறுமியும் பலகையில் வைத்து ஆடிப் பார்க்கலாம். குறியீட்டில் எழுதிவைத்திருக்கிறார்கள், அதைப் படிக்க எந்த இயந்திரமும் வேண்டாம். 2022இல் மாமல்லபுரத்தில் நடந்த ஒலிம்பியாடின் ஆட்டங்களும் அப்படியே நிலைக்கும். ஆனால் 2003இல் ஒரு பிரௌசிங் சென்டரில் நான்கு பேர் ஆடிப் பதிந்துவைத்த ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் ஆட்டத்தை இன்று ஆடிப் பார்க்க முடியுமா? அந்தக் கோப்பு மட்டும் இருந்தால் முடியாது.

காரணம் சுவையானது. விளையாட்டின் முதல் பாகத்தை வடிவமைத்தபோது என்செம்பிள் குழுவினர் மனத்தில் வைத்த இணைப்பு 28.8 மோடம், கணினி 16 எம்.பி. நினைவகம் உள்ள பென்டியம் 90. எட்டுப் பேர் ஆடும் ஆட்டத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்கள் நடமாடுவார்கள். ஒவ்வொருவரும் எங்கே நிற்கிறார் என்பதை மோடம் வழியாக நொடிக்கு நொடி அனுப்ப வழியே இல்லை. அதனால் அவர்கள் வேறொரு வழியைப் பிடித்தார்கள். எட்டுக் கணினிகளிலும் முழு ஆட்டமும் தனித்தனியாக ஓடும். ‘இந்த வீரர்கள் இங்கே போகட்டும்’ என்ற கட்டளைகள் மட்டும் கம்பியில் போகும். எல்லாக் கணினிகளும் ஒரே கட்டளையை ஒரே கணத்தில் நிறைவேற்றினால் எட்டுத் திரைகளிலும் ஒரே போர் நடக்கும். இதை உருவாக்கிய பால் பெட்னரும் மார்க் டெரானோவும் 2001இல் எழுதிய கட்டுரையில் ஒரு மானை எடுத்துக்காட்டுகிறார்கள். ஆட்டம் தொடங்கும்போது ஒரு கணினியில் ஒரு மான் மயிரிழை இடம் மாறி நின்றால், சில நிமிடம் கழித்து அதை வேட்டையாடுகிறவரின் பாதை சற்று மாறும், ஈட்டி தவறும், அவர் இறைச்சி இல்லாமல் வீடு திரும்புவார். அங்கிருந்து இரண்டு கணினிகளும் இரண்டு வெவ்வேறு உலகங்களாகப் பிரிந்துவிடும்.

பதிவுக் கோப்பும் இதே வகைதான். அதில் காணொளி கிடையாது. தொடக்க நிலவரமும், யார் எந்த நேரத்தில் என்ன கட்டளை இட்டார் என்பதும் மட்டும் இருக்கும். அதனால்தான் ஒரு மணி நேர ஆட்டம் சில எம்.பி.க்குள் அடங்குகிறது. அதைத் திரும்ப ஓட்டும்போது இயந்திரம் அந்தக் கட்டளைகளை வாங்கிப் போரை மறுபடி முதலிலிருந்து நடத்துகிறது. வில்லாளியின் வேகத்தையோ வயலின் விளைச்சலையோ அடுத்த திருத்தம் இம்மியளவு மாற்றியிருந்தாலும் போதும், போர் வேறு திசையில் போய்விடும். இறந்தவர் உயிரோடு இருப்பார். இல்லாத கோட்டையை முற்றுகையிடக் கட்டளை வரும்.

ஆகவே பதிவுக் கோப்பையும், அது பதியப்பட்ட அதே பதிப்பையும் சேர்த்தே காக்க வேண்டும். ஒன்று தொலைந்தால் மற்றதற்குப் பொருள் இல்லை. உலகம் முழுக்க ரசிகர்கள் சேர்த்துவைத்துள்ள பழைய போட்டி ஆட்டங்களின் பதிவுகள் அனைத்தும் இந்தக் கயிற்றில்தான் தொங்குகின்றன.

தாம்பரம் பக்கம் ஆடப்பட்ட பதிப்பு

பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம், பெருங்களத்தூர் என்று ரயில் பாதையை ஒட்டி வளர்ந்த புறநகரில் 2000க்குப் பிந்தைய பத்தாண்டு பிரௌசிங் சென்டர்களின் காலம். ரயில் நிலையத்தையும் பள்ளியையும் ஒட்டிய சந்துகளில், மணிக்கு இவ்வளவு என்று காசு வாங்கி, லேனில் இணைத்த சில சிஸ்டங்களுடன் அவை நடந்தன. இணையம் மெதுவாக இருந்தாலும் லேன் வேகமாக இருக்கும். அதனால் பக்கத்து நாற்காலிக்காரரோடு ஆடும் விளையாட்டுகள் அங்கே ஓடின. குரோம்பேட்டை எம்.ஐ.டி., தாம்பரம் கிறித்தவக் கல்லூரி, வண்டலூரைத் தாண்டிய பொறியியல் கல்லூரிகள் என்று விடுதிகள் நிறைந்த பகுதி இது. ஆடுவதற்கு ஆள் பஞ்சம் இருந்ததில்லை.

ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 இந்தச் சூழலுக்குப் பொருந்தியது. 166 மெகாஹெர்ட்ஸ் பென்டியமும் 32 எம்.பி. நினைவகமும் வட்டில் 200 எம்.பி. இடமும் இருந்தால் ஓடும். தனி கிராஃபிக்ஸ் கார்டு வேண்டாம். டெஃபினிடிவ் எடிஷனுக்குக் குறைந்தது 4 ஜி.பி. நினைவகமும் 30 ஜி.பி. இடமும் வேண்டும். 2011 செப்டம்பரில் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்தது போன்ற எளிய கணினியில் பழைய பதிப்பு ஓடும், புதியது திணறும். பழைய பதிப்பைக் காப்பது பழம்பொருள் ஆசை என்று ஒதுக்க முடியாததற்கு இதுவும் ஒரு காரணம். வசதி குறைந்த கணினி வைத்திருப்பவருக்கு அதுதான் விளையாட்டு.

அப்படி ஆடப்பட்டவற்றில் பெரும்பகுதி கடையில் வாங்கிய அசல் சிடி அல்ல என்பதையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். பர்மா பஜாரிலும் ரிச்சி தெரு பக்கத்திலும் கிடைத்த நகல் சிடிக்களும், அவற்றிலிருந்து கையெழுத்துப் பிரதி போலப் படியெடுத்த நகல்களும்தான் வலம்வந்தன. ஒரே சிடியில் பல விளையாட்டுகளை அடைப்பதற்காக முன்கதைக் காட்சிகளையும் இசையையும் வெட்டி எடுத்த ‘ரிப்’ பிரதிகள் நிறைய. அதனால் நம் பக்கத்தில் பலர் ஆடிய பதிப்பு நிறுவனம் வெளியிட்ட எந்தப் பதிப்போடும் முழுதாக ஒத்துப்போகாது. கதை சொல்லும் குரல் இல்லாமல், இசை இல்லாமல், போர் மட்டும் இருக்கும் விளையாட்டு அது.

எந்த அருங்காட்சியகமும் இதைச் சேர்த்துவைக்காது. அமெரிக்காவில் ஒருவர் எவ்வளவு கவனமாக அசல் பெட்டிகளைச் சேகரித்தாலும் மேற்குத் தாம்பரத்தில் ஒரு பள்ளிப் பையன் 2004இல் என்ன பார்த்தான், என்ன கேட்டான் என்பதை அது சொல்லாது. அந்த உள்ளூர்ப் பிரதிகளும் பாடபேதங்களே. தமிழகத்தில் கணினி மக்களிடம் எப்படிப் போய்ச் சேர்ந்தது என்று எழுதப்போகும் ஆய்வாளருக்கு அவை தேவைப்படும். அவற்றை விற்கவோ பரப்பவோ வேண்டும் என்று இதற்குப் பொருளில்லை. சான்றாக எங்காவது ஒரு பிரதி இருக்க வேண்டும் என்பதே கேட்பது.

எப்படி அழிகிறது

முதல் எதிரி தட்பவெப்பம். வீட்டில் எழுதும் சிடி-ஆர் தகட்டில் தகவல் ஒரு சாயப் படலத்தில் பதிகிறது. வெயிலும் ஈரமும் சூடும் அந்தச் சாயத்தைக் கெடுக்கும். சென்னைப் பரணில் இருபது ஆண்டுகள் கிடந்த சிடி எந்த நாளும் படிக்க முடியாமல் போகலாம்.

அடுத்தது வெள்ளம். 2015 டிசம்பர் 1ஆம் தேதி தொடங்கிய பெருமழையில் 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் பதிவானது 49 செ.மீ. அடையாற்றின் மேற்பகுதியில் இருக்கும் முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. மேசைக் கணினியின் பெட்டி பெரும்பாலான வீடுகளில் தரையில்தான் இருக்கும். தண்ணீர் ஏறும்போது முதலில் மூழ்குவது அதுதான். புகைப்படங்களும் சான்றிதழ்களும் போன துயரத்தில் பழைய ஹார்டு டிஸ்க்கில் இருந்த விளையாட்டுக் கோப்புகளைப் பற்றி யாரும் பேசவில்லை. பேசும் நிலையிலும் இல்லை. ஆனால் அந்தக் காலத்தின் நினைவில் ஒரு பகுதி அந்தத் தட்டுகளோடு போயிற்று.

மூன்றாவது எதிரி புதிய மென்பொருள். ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 தன் திரையை 256 வண்ணங்கள் கொண்ட ஒரு தட்டிலிருந்து தீட்டுகிறது. விண்டோஸ் விஸ்டாவிலும் 7லும் அந்தத் தட்டை விண்டோஸின் எக்ஸ்ப்ளோரரும் அதே நேரத்தில் மாற்றிக்கொண்டிருக்கும். விளைவு, புல்லும் தண்ணீரும் சிவப்பும் ஊதாவுமாகக் கலங்கிவிடும். டாஸ்க் மேனேஜரைத் திறந்து எக்ஸ்ப்ளோரரை நிறுத்திவிட்டு விளையாட்டைத் தொடங்கினால் வண்ணம் சரியாகும். எந்தக் கையேட்டிலும் இல்லாத இந்த வைத்தியம் ஆட்டக்காரர்களிடையே வாய்வழியாகவே பரவியது. இதைப் போன்ற அறிவையும் எழுதிவைத்தாக வேண்டும். சிடி மட்டும் இருந்தால் போதாது. லேனில் ஆடத் தேவையான டைரக்ட்பிளே என்ற கூறு புதிய விண்டோஸில் தானாக இருப்பதில்லை. தேடி இயக்க வேண்டும். சேஃப்டிஸ்க் என்ற பூட்டு போட்ட அசல் சிடிக்கள் 2015இல் வந்த விண்டோஸ் 10இல் ஓடாமல் போயின. காசு கொடுத்து முறையாக வாங்கியவரின் சிடிதான் இதில் நின்றுபோனது.

நான்காவது, நிறுவனத்தின் முடிவு. மைக்ரோசாஃப்டின் இணைய ஆட்டத் தளமான கேமிங் சோன் 2006இல் இத்தகைய சிடி விளையாட்டுகளுக்கான சேவையை நிறுத்தியது. 2002இல் வந்த வார்கிராஃப்ட் 3க்கு நடந்தது இன்னும் கடுமை. 2020 ஜனவரியில் ‘ரீஃபோர்ஜ்ட்’ வெளியானபோது, பழைய பதிப்பை வைத்திருந்தவர்களும் அதை உருவாக்கிய பிளிசார்டின் சேவையில் ஆட வேண்டுமானால் புதிய மென்பொருளுக்கே மாற வேண்டியதாயிற்று. தரவரிசை, குழுக்கள் போன்ற பழைய வசதிகள் வெளியீட்டின்போது அதில் இல்லை. டோட்டா என்ற விளையாட்டையே பெற்றெடுத்த பதிப்பு அது. சிடியை நாம் பத்திரமாக வைத்திருந்தாலும், இணையம் வழியாக ஒரே இரவில் பதிப்பு மாறிப்போகலாம் என்பதை அந்த நிகழ்ச்சி காட்டியது.

இந்த இழப்பின் அளவை அமெரிக்காவின் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. 2010க்கு முன் அந்நாட்டில் வெளியான விளையாட்டுகளில் 87 சதவீதம் இன்று கடையில் வாங்கக் கிடைக்காதவை.

காந்தியின் மேல் விழுந்த பழி

பழைய பதிப்பு கையில் இருப்பதால் என்ன பயன் என்று கேட்பவருக்கு ஒரு சான்று. 1991இல் வந்த ‘சிவிலைசேஷன்’ விளையாட்டில் இந்தியாவின் தலைவர் காந்தி. டெல்லி, பம்பாய், மெட்ராஸ் என்று நகரங்கள் எழும். இந்த விளையாட்டைப் பற்றி ஒரு கதை பல ஆண்டுகளாக உலாவியது: காந்தியின் போர்க்குண எண் 1, மக்களாட்சிக்கு மாறியதும் அதில் 2 குறையும், பூஜ்யத்துக்குக் கீழே போக முடியாத எண் சுழன்று 255 ஆகிவிடும், உடனே காந்தி அணுகுண்டு வீசத் தொடங்குவார். நிரல் பிழை எப்படி வரும் என்று விளக்கும் பாடமாகவே இதைச் சொன்னார்கள். 2020இல் வெளியான தன் வரலாற்று நூலில், விளையாட்டை உருவாக்கிய சிட் மையரே அப்படியொரு பிழை இருந்ததில்லை என்று எழுதினார். காந்திக்கு அணுகுண்டு மோகத்தை வேண்டுமென்றே கொடுத்தது 2010இல் வந்த ஐந்தாம் பாகம்தான்.

பிற்காலப் பதிப்பு ஒன்றின் குணத்தை முதல் பதிப்பின் மேல் ஏற்றிச் சொன்ன கதை இது. படைத்தவர் சொன்னதோடு நாம் நின்றுவிட வேண்டியதில்லை. 1991 பதிப்பு இருந்தால், அதை டாஸ்பாக்ஸ் என்ற மென்பொருளில் ஓட்டி, நிரலைப் பிரித்துப் பார்த்து யாரும் சரிபார்க்கலாம். பதிப்பு இல்லாவிட்டால் வதந்தியே வரலாறு ஆகிவிடும். காந்தியைப் பற்றி உலகம் முழுக்கப் பரவிய ஒரு பொய்யைச் சோதிக்கும் சான்று, ஒரு பழைய ஃப்ளாப்பியில் இருக்கிறது.

சட்டம் எங்கே நிற்கிறது

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957, கணினி நிரலை இலக்கியப் படைப்பு என்ற வகைக்குள் வைத்திருக்கிறது. முறையாக வாங்கியவர் அழிவுக்கு முன்காப்பாக ஒரு பிரதி எடுத்துக்கொள்வதை 52ஆம் பிரிவு அனுமதிக்கிறது. பூட்டை உடைப்பதைக் குற்றமாக்கும் 65ஏ பிரிவும் உரிமையை மீறும் நோக்கத்தோடு செய்தால்தான் பொருந்தும். தனிமனிதருக்கு ஓரளவு இடம் இருக்கிறது.

நூலகத்துக்குத்தான் வழி அடைபட்டிருக்கிறது. 2012 திருத்தத்தில் வந்த ஒரு விதி, வணிக நோக்கமற்ற பொது நூலகம் ஒரு படைப்பைப் பாதுகாப்பதற்காக மின்னணு முறையில் சேமிக்கலாம் என்கிறது. நிபந்தனை ஒன்று உண்டு: அந்தப் படைப்பின் டிஜிட்டல் அல்லாத பிரதி அந்த நூலகத்திடம் ஏற்கெனவே இருக்க வேண்டும். புத்தகத்தை மனத்தில் வைத்து எழுதிய விதி. கணினி விளையாட்டுக்கு டிஜிட்டல் அல்லாத பிரதி என்று ஒன்று இருக்கவே முடியாது. ஆக, மிக விரைவில் அழியக்கூடிய படைப்பு வகைக்கு இந்தப் பாதுகாப்பு கிடைக்காது.

1954ஆம் ஆண்டின் நூல் ஒப்படைப்புச் சட்டத்தின்படி இந்தியாவில் வெளியாகும் நூல்களின் பிரதி கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும், நம் கன்னிமாரா உள்பட மூன்று நூலகங்களுக்கும் போக வேண்டும். அது அச்சிட்டவற்றோடு நின்றுவிடுகிறது. பிரான்ஸ் 1992லேயே தன் ஒப்படைப்புச் சட்டத்தை மென்பொருளுக்கும் விரித்தது. அந்நாட்டுத் தேசிய நூலகம் இன்று வீடியோ விளையாட்டுகளையும் சேர்க்கிறது. அமெரிக்காவில் சர்வர் மூடப்பட்ட விளையாட்டுகளைக் காப்பதற்காகப் பூட்டைத் திறக்க நூலகங்களுக்கு 2015இல் விலக்கு கிடைத்தது. ஆய்வாளர்கள் வீட்டிலிருந்தே அவற்றை அணுக அனுமதிக்கும் கோரிக்கை மட்டும் 2024இல் மறுக்கப்பட்டது.

இந்தியாவில் செய்ய வேண்டிய திருத்தம் சிறியது. 2012 விதியில் உள்ள ‘டிஜிட்டல் அல்லாத’ என்ற நிபந்தனையை, பிறவியிலேயே டிஜிட்டலான படைப்புகளுக்கு நீக்கினால் போதும். கன்னிமாரா நூலகத்துக்கு இந்தியாவில் உருவாகும் விளையாட்டுகளின் ஒரு பிரதி போகட்டும். நிரல் இலக்கியம் என்று சட்டமே சொன்ன பிறகு, இலக்கியத்துக்குரிய நூலகத்தில் அதற்கு இடம் கேட்பது பெரிய கோரிக்கை ஆகாது.

இங்கிருந்து தொடங்கலாம்

சட்டம் மாறும்வரை கைகட்டி நிற்க வேண்டியதில்லை. தென்சென்னையில் இதற்கான அறிவும் இடமும் இருக்கின்றன. தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் கோட்டையூரில் ஒரு தனிமனிதர் திரட்டிய சேகரிப்பிலிருந்து பிறந்தது. அவர் நூல்களோடு நிற்காமல் துண்டறிக்கை, அழைப்பிதழ், பாட்டுப் புத்தகம் என்று மற்றவர் எறிந்ததையெல்லாம் எடுத்துவைத்தார். 1992இல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகத்தின் துணையோடு 1994இல் அது நூலகமாயிற்று. இன்று தமிழ் அச்சு வரலாற்றை எழுதுகிறவர் யாரும் அந்த வாசலை மிதிக்காமல் எழுத முடியாது. அவர் சேர்த்த நாளில் அந்தத் தாள்களுக்கு மதிப்பு இருப்பதாக எத்தனை பேர் நினைத்திருப்பார்கள்? கணினி விளையாட்டுகள் இன்று அதே நிலையில் இருக்கின்றன.

கல்லூரிகள் செய்யக்கூடியது நிறைய. பழைய பென்டியம் கணினி ஒன்று, சிடி டிரைவ், விண்டோஸ் 98 அல்லது எக்ஸ்பி, அவற்றுக்குத் துணையாக மெய்நிகர் கணினிகள்: ஒரு சிறு அறை போதும். கணினித் துறை மாணவர்கள் அதில் படியெடுக்கும் கலையைப் பழகலாம். ஒரு நுட்பத்தைச் சொல்கிறேன். 1997இல் வந்த முதல் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் சிடியில் இசை சாதாரண ஆடியோ தடங்களாகவே பதிந்திருந்தது. ஐ.எஸ்.ஓ. கோப்பாக மட்டும் படியெடுத்தால் அந்த இசை வராது. பின், கியூ என்ற இரட்டைக் கோப்பாக எடுத்தால்தான் முழுத் தகடும் கிடைக்கும். எடுத்தபின் ஷா-256 போன்ற சரிபார்ப்பு எண்ணைக் கணக்கிட்டுக் குறித்துவைக்க வேண்டும். பத்தாண்டு கழித்தும் அதே எண் வந்தால் கோப்பு கெடவில்லை என்று நம்பலாம். இரண்டு நகல்களுக்கு இரண்டு வெவ்வேறு எண் வந்தால் அங்கே ஒரு பாடபேதம் இருக்கிறது.

வரலாற்றுத் துறையினருக்கும் இதில் வேலை உண்டு. பிரௌசிங் சென்டர் நடத்தியவர்கள் இப்போது ஐம்பதைத் தாண்டிக்கொண்டிருக்கிறார்கள். எந்தப் பதிப்பைப் போட்டார்கள், எங்கே வாங்கினார்கள், பையன்கள் எப்படி அணி பிரித்தார்கள், பெண்கள் வந்தார்களா, வராவிட்டால் ஏன் என்பதையெல்லாம் கேட்டுப் பதிந்துகொள்ள வேண்டும். 2021இல் தாம்பரம் மாநகராட்சி ஆன பிறகு இந்தப் பகுதிக்கென்று ஒரு வரலாறு எழுதும் முயற்சிகள் வரும். ஏரிகளும் கோயில்களும் விமானப்படைத் தளமும் அதில் இடம்பெறும். இந்தக் கடைகளும் இடம்பெற வேண்டும். ஒரு தலைமுறை கணினியின் முன் முதலில் உட்கார்ந்தது அங்கேதான்.

வீட்டில் இருப்பவர் செய்யக்கூடியது எளிது. பரணில் உள்ள சிடி உறையைத் திறந்து பாருங்கள். படிக்க முடிகிறவற்றை இன்றே படியெடுத்து இரண்டு இடங்களில் வையுங்கள். பழைய ஹார்டு டிஸ்க்கை எடைக்குப் போடுவதற்கு முன், ஆட்டம் பதிந்த கோப்புறையை மட்டுமாவது எடுத்துக்கொள்ளுங்கள். எந்த ஆண்டு, எந்தக் கணினி, யாரோடு ஆடியது, எந்தப் பதிப்பு என்று ஒரு தாளில் எழுதிச் சேர்த்துவையுங்கள். பதிப்பு எண் எழுதாத கோப்பு பின்னால் வருகிறவருக்குப் பாதிதான் பயன்படும்.

ராஜேந்திரன் அந்த விளையாட்டுக்குள் வந்ததை நாம் பெருமையாகப் பேசுகிறோம். பேசத்தான் வேண்டும். ஆனால் அவன் இல்லாத 1999ஐயும், ரசிகர்கள் கதவைத் திறந்த 2012ஐயும், எல்லோரையும் ஒரே பெயரில் அடைத்த 2013ஐயும் சேர்த்து வைத்திருந்தால்தான் அந்தப் பெருமையின் கணக்கைப் பின்னால் வருகிறவரால் சரிபார்க்க முடியும். அந்த மூன்று பதிப்புகளும் அவன் வந்த 2022 பதிப்பும் ஒரே அலமாரியில், ஓடும் நிலையில் இருக்கும் இடம் ஒன்று தமிழ்நாட்டில் வேண்டும். அவற்றில் பழைய பதிப்பின் சிடிக்கள் இன்னும் நம் வீடுகளில் இருக்கின்றன. அடுத்த வடகிழக்குப் பருவமழைக்குள் அவற்றைக் கீழே இறக்கிப் படியெடுக்கத் தொடங்க வேண்டும்.